அடைப்பு திறந்த இதயத்தில் ஆட்டோஃபேஜியை அளப்பது எப்படி?

மாரடைப்பில் அடைபட்ட தமனியைத் திறந்தால்தான் தசை பிழைக்கும். ஆனால் திரும்பி வரும் ரத்தமே அதில் ஒரு பங்கைக் கொன்றும் விடுகிறது. அந்த நேரத்தில் செல் தன் பழுதான பாகங்களைத் தானே விழுங்கிச் செரிக்கும் ஆட்டோஃபேஜி காக்கிறதா, கெடுக்கிறதா என்று அறிய, பழுதைச் சூழ்ந்து மூடும் பைகளின் சவ்வில் ஒட்டியிருக்கும் எல்சி3-2 புரதம் கூடியதை மட்டும் பார்த்தால் போதாது. பைகள் அதிகம் உருவானாலும் அது கூடும், உருவான பைகள் செரிக்காமல் தேங்கினாலும் கூடும். எனவே பைகள் உருவாகிச் செரிந்து முடியும் ஓட்டத்தை அளக்க வேண்டும்.

சுண்டெலிகளை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள்: கட்டுப் போடாத போலி அறுவை, 30 நிமிட அடைப்பும் 4 மணி நேர மறு ஓட்டமும் (ரத்தம் திரும்பப் பாய்வது), ஒவ்வொன்றிலும் உப்புநீர் அல்லது குளோரோகுயின். முந்தைய இரவு பட்டினி போடாதீர்கள். பட்டினியே இதயத்தில் ஆட்டோஃபேஜியைத் தூண்டிவிடும். உடல் வெப்பத்தை 37 டிகிரியில் நிறுத்துங்கள். சற்றுக் குளிர்ந்தாலும் சேதம் குறைந்து கணக்கு தப்பும். இடது முன் இறங்கு தமனியைக் கட்டியதும் தசை வெளுத்து, ஈசிஜியில் எஸ்டி பகுதி உயர வேண்டும்.

கட்டை அவிழ்க்கும் அதே நேரத்தில், உடல் எடை கிலோவுக்கு 10 மில்லிகிராம் குளோரோகுயினை வயிற்றறைக்குள் செலுத்துங்கள். அது செல்லின் செரிமான அறையான லைசோசோமின் அமிலத்தன்மையைக் கெடுத்துச் செரிமானத்தைத் தடுக்கும். போலி அறுவை எலியிலேயே எல்சி3-2 உயரவில்லையென்றால் மருந்து போதவில்லை. முன்னோட்டத்தில் இதைச் சரிபார்க்காமல் மேலே போகவே கூடாது. மருந்து கொடுத்த எலிகளைச் சேதப் பரப்பை அளக்கப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு 24 மணி நேரம் விட்ட தனி எலிகள் வேண்டும்: ரத்தம் நின்றிருந்த பகுதியைப் பிரித்துக் காட்ட ஈவன்ஸ் நீலமும், இறந்த தசையைக் காட்ட 1 சதவீத டிடிசி சாயமும்.

ரத்தம் நின்றிருந்த பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள், மற்ற தசை கலந்தால் மாற்றம் நீர்த்துவிடும். புரதத்தை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு 15 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு. 0.45 மைக்ரான் சவ்வில் இந்தச் சிறிய புரதம் ஊடுருவிப் போய்விடலாம். எல்சி3-2-ஐ, பையில் ஒட்டாத வடிவமான எல்சி3-1-ஆல் வகுக்காமல், ஒப்பீட்டுப் புரதமான ஜிஏபிடிஎச்-ஆல் வகுங்கள். உறைந்து உருகும்போது எல்சி3-1 எளிதில் சிதைகிறது.

அடைப்புக் குழுவில் குளோரோகுயின் எல்சி3-2-ஐ மேலும் நன்றாக உயர்த்தினால் ஓட்டம் நடக்கிறது. உப்புநீரிலேயே உயர்ந்து, மருந்துக்குப் பின் ஏறக்குறைய அசையாவிட்டால் செரிமானம் அடைபட்டிருக்கிறது. அப்போது லைசோசோம் சவ்வின் புரதமான லாம்ப்2 அளவைப் பாருங்கள். மறு ஓட்டத்தில் லாம்ப்2 குறைந்து பைகள் தேங்குவதும், அதனால் செல்கள் சாவதும் 2012-இல் காட்டப்பட்டது. பைகளோடு சேர்ந்து செரிக்கப்படும் புரதமான பி62 ஒன்றை நம்பி முடிவு கட்டாதீர்கள்: ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் அதன் மரபணுவே முடுக்கப்படுவதால், செரிமானம் சீராக இருந்தாலும் அது கூடும்.