சிவப்புக்கால் ஆமை வளர்ப்பு: கதகதப்பும் ஈரமும் ஒன்றாக இருக்க வேண்டும்

சிவப்புக்கால் ஆமையின் சொந்த மண் தென் அமெரிக்கா. பனாமாவில் தொடங்கி கொலம்பியா, வெனிசுவேலா, கயானா, பிரேசில் வழியாக பராகுவே, வட அர்ஜென்டினா வரை, காடும் புல்வெளியும் கலக்கும் இடங்களில் வாழ்கிறது. கறுத்த ஓடு, காலிலும் தலையிலும் சிவந்த செதில்கள். வளர்ந்த ஆமை 30 முதல் 35 செ.மீ. நீளம் இருக்கும், பெரிய ஆண்கள் 40 செ.மீ.யையும் தாண்டும். ஒழுங்காகப் பராமரித்தால் 50 ஆண்டுகள் வாழும். குளிர்காலத் தூக்கம் இதற்குக் கிடையாது.

நிழலும் மழையும் சருகும் உள்ள இடத்தில் உருவான உயிர் இது. வறண்ட நில ஆமைகளுக்குச் சொல்லப்படும் முறையில், உச்சியில் ஒரு சூடான பல்பும் கீழே காய்ந்த தரையுமாக வளர்த்தால் ஓடு கோணிப்போகும். ஈரம் வேண்டும் என்று தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டு வெப்பத்தைக் கவனிக்காமல் விட்டால் நுரையீரல் கெடும். வறண்ட சூடு, குளிர்ந்த ஈரம் ஆகிய இந்த இரண்டிலிருந்துதான் பெரும்பாலான நோய்கள் தொடங்குகின்றன. கீழே வரும் அளவுகள் எல்லாம் இவ்விரண்டையும் தவிர்ப்பதற்காகத்தான்.

வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம் இது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். நட்சத்திர ஆமை, மேற்குத் தொடர்ச்சி மலையின் திருவாங்கூர் ஆமை போன்ற நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள ஆமைகளில் சிவப்புக்கால் ஆமை இல்லை. காகிதம் காட்டாத விற்பனையாளரிடம் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். அப்படிக் கிடைப்பது காட்டில் பிடித்ததாக இருக்கலாம். குடல் நிறைய புழுவும், உடலில் நீர் வற்றிய நிலையுமாகத்தான் வந்து சேரும்.

கூடு

குஞ்சுக்கு 90 × 60 செ.மீ. அளவில் மூடியுள்ள கூடு போதும். மூடி மிக முக்கியம். மேலே திறந்த தொட்டியில் சூடான காற்று எழும்பி வெளியேறும்போது ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எவ்வளவு தெளித்தாலும் ஒரு மணி நேரத்தில் வறண்டுவிடும். மூடிய கூட்டில் பக்கவாட்டில் சில சிறு துளைகள் இருந்தால் காற்றோட்டத்துக்குப் போதும். சுவர்கள் ஒளி ஊடுருவாதவையாக இருக்கட்டும். கண்ணாடிச் சுவர் இருந்தால் வெளியே தெரியும் இடத்துக்குப் போகப் பார்த்து ஆமை நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடித் தொட்டிதான் கைவசம் இருக்கிறதென்றால் கீழ்ப்பாதியை வெளிப்புறமாகத் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

வளர்ந்த ஆமைக்கு வீட்டுக்குள் என்றால் குறைந்தது 2.4 × 1.2 மீட்டர். தோட்டம் இருந்தால் அதுவே சிறந்தது: 45 செ.மீ. உயரச் சுவர், அடர்ந்த செடிகள், பாதிக்கு மேல் நிழல், ஒரு சேற்றுப் பள்ளம், இரவில் பூட்டி வைக்க ஒரு மரப்பெட்டி. நாய் வளரும் வீட்டில் ஆமையை மேற்பார்வை இல்லாமல் வெளியே விடவே கூடாது. பழகிய நாயும் ஆமையின் ஓட்டை எலும்பு போலக் கடித்துவிடும்.

தரைக்கு உரம் கலக்காத, உப்பு நீங்கக் கழுவிய தேங்காய் நார்த்தூளைக் குஞ்சுக்கு 10 செ.மீ. ஆழம் பரப்புங்கள். அதன்மேல் மரப்பட்டைத் துண்டுகளோ, பூச்சிமருந்து படாத பலாச் சருகோ ஓர் அடுக்கு. தண்ணீரை மேலே தெளிப்பதைவிட நான்கு மூலைகளிலும் ஊற்றுவது நல்லது. அது கீழே இறங்கி அடிப்பகுதியை ஈரமாக வைத்திருக்கும்; ஆமை நடக்கும் மேற்பரப்பு காய்ந்திருக்கும். ஒரு பிடி நார்த்தூளை எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. மணல் வேண்டாம், உணவோடு உள்ளே போய்க் குடலை அடைக்கும். செய்தித்தாள் ஈரத்தைத் தாங்காது, காலும் வழுக்கும். தேவதாரு மரச்சீவலில் உள்ள எண்ணெய் மூச்சுப்பாதையை எரிச்சலூட்டும்.

மறைவிடம் இல்லாத கூட்டில் இந்த ஆமை நிம்மதியாக இருக்காது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு இடங்களிலாவது உடல் முழுவதும் புகுந்துகொள்ளும்படி வையுங்கள். குஞ்சுகள் நாளின் பெரும்பகுதியைச் சருகுக்கடியில் கழிப்பது இயல்பு. அதை நோய் என்று நினைத்து எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

வெப்பம், ஈரப்பதம், ஒளி

குஞ்சுக்கு இரவும் பகலும் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். வளர்ந்த ஆமைக்குப் பகலில் 27 முதல் 30 வரை, வெயில் காயும் இடத்தில் 32. இரவில் 22க்குக் கீழே போகக் கூடாது. 35ஐத் தாண்டினால் ஆபத்து. சித்திரை வெயிலில் தோட்டத்தில் நிழலும் சேறும் இல்லையென்றால் சில மணி நேரத்தில் ஆமை இறந்துவிடக்கூடும்.

சூடேற்றத் தோதானவை ஒளி இல்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் வெப்பக்குமிழும் அகலமான வெப்பப் பலகையும். கூர்மையாக ஒரே இடத்தில் ஒளி பாய்ச்சும் பல்பு, அறையின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தாலும், ஓட்டின் உச்சியை மட்டும் காயவைத்துவிடும். பீங்கான் குமிழைப் பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். ஆமை தொடாதபடி கம்பிக்கூண்டு போட்டு, வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வழியாக மட்டுமே இணைப்புக் கொடுங்கள். தெர்மோஸ்டாட்டின் உணரி சுவரின் உச்சியில் அல்ல, ஆமையின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். உச்சியில் வைக்கும் ஒரு தவறால் மானி 28 காட்டும்போது தரையில் 23 இருக்கும். மின்சாரத்தில் சூடாகும் வெப்பக் கல் வாங்காதீர்கள்; அடி ஓடு வெந்துபோகும்வரை ஆமை அதன்மேலேயே கிடக்கும்.

ஈரப்பதம் குஞ்சுக்கு 80 சதவீதத்துக்கு மேல், வளர்ந்ததற்கு 70 முதல் 80. முள் மானிகள் பெரும்பாலும் தவறாகக் காட்டும். டிஜிட்டல் மானி வாங்குங்கள். ஓட்டுத் தகடுகள் கூம்புகூம்பாகப் புடைப்பதற்குப் புரத உணவே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. ஈரப்பதம் குறைந்ததே பெரிய காரணம், புரதத்தின் பங்கு சிறியது என்று அது காட்டியது. வறண்ட நிலத்து ஆமைக்கே அப்படியென்றால் காட்டு ஆமைக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் புடைத்த ஓடு பிறகு சீராகாது. ஈரத்தைச் சரிசெய்தால் புதிதாக வளரும் பகுதி மட்டும் மழமழப்பாக வரும்.

புற ஊதாக் கதிர் வேண்டும், ஆனால் கடுமையாக வேண்டாம். டி5 வகைக் குழல் விளக்கில் 5 அல்லது 6 சதவீத யுவிபி (புற ஊதாவின் பி வகைக் கதிர்) உள்ளதை, ஆமையின் முதுகிலிருந்து 30 முதல் 45 செ.மீ. உயரத்தில், கூட்டின் பாதி நீளத்துக்கு மட்டும் பொருத்துங்கள். மறுபாதி நிழலாக இருக்கட்டும். 12 மணி நேரம் எரிந்தால் போதும். வெளிச்சம் குறையாமல் இருந்தாலும் யுவிபி தேய்ந்துவிடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். கண்ணாடி யுவிபியைத் தடுக்கும். மூடிய சன்னலருகே வைப்பதால் பயனில்லை.

தண்ணீர்

ஆமை ஏறி உட்காரக்கூடிய, ஆழம் குறைந்த அகலத் தட்டு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். குஞ்சுகளை வாரத்தில் மூன்று நான்கு நாள் 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். மேலோடும் அடியோடும் சேரும் விளிம்புவரைதான் நீர் நிற்கலாம். ஊறும்போது கழிக்கும் வெண்மையான பொருளைப் பாருங்கள். குழைவாக இருந்தால் உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறது. மணல்போல் நெறநெறவென்று இருந்தால் உடல் வறண்டிருக்கிறது. அப்படியே விட்டால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும்.

உணவு

மற்ற பல ஆமைகளைப் போல இலை மட்டும் தின்பதல்ல இது. பிரேசிலின் ரொரைமா மாநிலத்து மராக்கா தீவில் செய்த களஆய்வில், மழைக்காலத்தில் உதிர்ந்த பழங்களும் வறண்ட காலத்தில் பூக்களும் இதன் உணவில் மிகுந்திருந்தன. இலை, காளான், செத்த விலங்கின் சதை, நத்தை, பூச்சி ஆகியவற்றையும் தின்னும். அதற்காகப் பழக்கடையைக் கொண்டுவந்து கொட்டுவதும் சரியல்ல. கடைப் பழங்களில் காட்டுப் பழங்களைவிடச் சர்க்கரை அதிகம், நார் குறைவு, வயிற்றுப்போக்கு வரும்.

இலையும் பூவும் 60 முதல் 65 சதவீதம், பழம் 25 முதல் 30, மீதி காளான், பூசணி, புரதம் என்ற கணக்கு நன்றாக வரும். செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, சர்க்கரைவள்ளி இலை, பூசணிப்பூ, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். இவற்றில் சப்பாத்திக்கள்ளி மடலுக்கு முதலிடம் கொடுப்பேன். சுண்ணாம்புச்சத்தும் நாரும் நீரும் ஒருசேரக் கிடைக்கும். பாலக், முளைக்கீரை போன்றவற்றில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிணைத்துக்கொள்வதால் எப்போதாவது மட்டும்.

பழத்தில் பார்க்க வேண்டியது கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம். பாஸ்பரசைப்போல் கால்சியம் இரு மடங்கு இருப்பது நல்லது. பப்பாளியும் அத்திப்பழமும் அந்த விகிதத்தில் அமைந்தவை. வாழைப்பழத்தில் தலைகீழ், கால்சியத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு பாஸ்பரஸ். ஆமைக்கு வாழைப்பழம் உயிர், ஆனாலும் மருந்து ஒளித்துக் கொடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொய்யா, மாம்பழம் அளவோடு. எலுமிச்சை, ஆரஞ்சு வகை வேண்டாம். அவகாடோ கூடவே கூடாது.

புரதம் வளர்ந்த ஆமைக்கு வாரம் ஒருமுறை 25 முதல் 30 கிராம்: வேகவைத்த முட்டை, தோல் நீக்கிய கோழி இறைச்சி, மண்புழு. குஞ்சுக்கு வாரம் ஒரு சிறு மண்புழு போதும். நாய், பூனைத் தீவனத்தை அன்றாட உணவாக்காதீர்கள்.

குஞ்சின் உணவில் வாரம் மூன்று நாள் கால்சியம் கார்பனேட் தூளை ஒரு சிட்டிகை தூவுங்கள். வளர்ந்ததற்கு ஒரு நாள் போதும். கணவாய் ஓடு ஒன்று கூட்டில் எப்போதும் கிடக்கட்டும், வேண்டும்போது கொறிக்கும். உணவைச் சொரசொரப்பான கடப்பா கல்லில் வைத்தால் அலகு தேய்ந்து அளவாக இருக்கும், நார்த்தூளும் வாயில் போகாது. குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். மிஞ்சிய பழத்தை அன்று மாலையே எடுத்துவிடுங்கள். விட்டால் ஈயும் பூஞ்சையும் வரும்.

துணை

இரண்டை ஒன்றாக வைப்பது மிகத் தவறு. சண்டையே தெரியாமல் ஒன்று மற்றதை ஒடுக்கிவிடும்: உணவின்மேல் ஏறி நிற்கும், மறைவிடத்தை அடைத்துக்கொள்ளும், கூடவே நடக்கும். ஒடுக்கப்பட்டது தின்னாமல் எடை குறையும். ஒன்றைத் தனியாக வளர்ப்பதில் குறையொன்றும் இல்லை. குழுவாக வேண்டுமென்றால் இடம் பெரிதாக இருக்க வேண்டும், ஆண் ஒன்றுக்கு மேல் கூடாது. ஆணின் அடி ஓடு குழிந்திருக்கும், வால் நீளமாகத் தடித்திருக்கும். ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ. நீளம் வந்த பிறகுதான் இது தெளிவாகத் தெரியும். புதிதாக வரும் ஆமையைக் குறைந்தது மூன்று மாதம் தனி அறையில், தனிப் பாத்திரங்களோடு வையுங்கள். வேறு இன ஆமைகளோடு கலக்காதீர்கள்.

பெண் ஆமை ஆண் துணை இல்லாமலும் முட்டையிடலாம். 20 செ.மீ. ஆழமாவது தோண்டக்கூடிய ஈரமண் இல்லையென்றால் முட்டையை உள்ளேயே தேக்கிக்கொள்ளும். ஓயாமல் அலைந்து தோண்டிக்கொண்டு, தின்னவும் மறுத்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கண்காணிப்பும் வைத்தியமும்

மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை எடுத்து எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன் நோயை அந்த நோட்டு காட்டிவிடும்.

மூக்கில் நீர் அல்லது குமிழி, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சுவிடுதல், சீழ்க்கை ஒலி: மூச்சுப்பாதைத் தொற்று. முதலில் இரவு வெப்பத்தையும் 28க்கு உயர்த்துங்கள்; ஈரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாளில் தெளியாவிட்டாலோ, தின்ன மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடியோட்டில் வெள்ளைத் திட்டு, குழி, நாற்றம் இருந்தால் ஓடு அழுகல். தரையின் மேற்பரப்பு சொதசொதவென்று இருந்திருக்கும். பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவி, வெளிறிய தேயிலைநீர் நிறத்துக்குக் கரைத்த போவிடோன் அயோடினைத் தடவிக் காயவிட்டு, சில நாள் உலர்ந்த துணிமேல் வையுங்கள். குழி ஆழமாக இருந்தாலோ இரத்தம் தெரிந்தாலோ அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

குஞ்சின் ஓடு விரலால் அழுத்த மெத்தென்று இருப்பது கால்சியமும் யுவிபியும் போதாததால். பிறந்து சில வாரமே ஆன குஞ்சுக்கு அடி ஓடு சற்று நெகிழ்வாக இருப்பது இயல்பு. கண் வீங்கினால் ‘வைட்டமின் ஏ குறை’ என்று நாமே ஊசி போடச் சொல்லக் கூடாது. அளவு மீறினால் தோல் உரிந்து விழும்.

ஆமையைத் தொட்ட பின் சோப்பால் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லாக் கிருமி ஆரோக்கியமான ஆமையிலும் இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

குடல்புழுவுக்கு ஆண்டுக்கொரு முறை மலப் பரிசோதனை போதும். எந்த வகைப் புழு என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. நாய்க்கும் மாட்டுக்கும் தாராளமாகப் பயன்படும் ஐவர்மெக்டின் ஆமையைக் கொல்லும். நரம்பு மண்டலத்தைத் தாக்கி உடலைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆமை பார்த்துப் பழகாத மருத்துவரிடம் போகிறீர்கள் என்றால், அந்த மருந்தின் பெயரைச் சொல்லி அது வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய மலத்தை மூடிய டப்பாவிலும், எடை நோட்டையும், கூட்டின் வெப்ப, ஈரப்பத அளவுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வழியில் குளிர் தாக்காமல் ஆமையைத் துணி விரித்த, காற்றுத் துளையுள்ள பெட்டியில் வைத்து, துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள்; சூடு அதிகமானால் விலகிக்கொள்ள அதற்கு இடம் வேண்டும்.