பார்வையற்றவர் போனில் எந்தெந்தச் செயலி? புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு செய்முறை

"அண்ணா, கண்ணு தெரியாதவங்களுக்குன்னு எந்த ஆப் போடணும்? ஒரு லிஸ்ட் அனுப்புங்க."

மாதத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "வாட்ஸ்அப் இருக்கா?" இருக்கும். "அதுல மெசேஜ் படிக்கத் தெரியுமா?" இங்கேதான் அமைதியாகிவிடுவார்கள். எல்லாரும் வைத்திருக்கும் செயலியை ஓட்டத் தெரியாமல் நமக்கென்று செய்த பதினைந்து செயலிகளை இறக்கி வைத்தால், போனில் இடம் அடைவதுதான் மிச்சம். எனக்கும் பார்வை கிடையாது. பட்டன் நோக்கியாவில் டாக்ஸ் மென்பொருள் போட்டுப் பேச வைத்த காலத்திலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில், எந்த வரிசையில் போனால் குழப்பம் குறையும் என்பதைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டை வைத்தே சொல்கிறேன், கேட்பவர்களில் பெரும்பாலோர் கையில் அதுதான் இருக்கிறது. ஐபோனில் பெயர்கள் மாறும், முறை மாறாது.

படி 1: முதலில் போனைப் பேச வையுங்கள்

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் 2009 முதல் போனோடு சேர்ந்தே வருகின்றன. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய காலம் போய்விட்டது.

அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் டாக்பேக் இருக்கும். சில கம்பெனி போன்களில் அந்தப் பகுதியே "கூடுதல் அமைப்புகள்" என்பதற்குள் ஒளிந்திருக்கும். முதல் தடவை பார்வையுள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆன் செய்யும்போதே குறுக்குவழியையும் இயக்கிவிடுங்கள். பிறகு ஒலியைக் கூட்டும், குறைக்கும் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் டாக்பேக் வரும், மறுபடி அழுத்தினால் போகும்.

வலப்பக்கம் ஒரு விரலால் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. திரையில் எங்காவது இரண்டு முறை தட்டினால், கடைசியாகப் படித்தது திறக்கும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல். இவ்வளவு தெரிந்தால் முதல் வாரம் ஓடிவிடும். டாக்பேக் அமைப்புகளுக்குள்ளேயே பயிற்சியும் இருக்கிறது. அதை ஒரு மணி நேரம் செய்யுங்கள். விரலை மெதுவாகத் தேய்த்தால் போன் அதை "தடவிப் பார்க்கிறார்" என்று எடுத்துக்கொள்ளும். தள்ளுவது என்றால் சுண்டுவது போல இருக்க வேண்டும். புதியவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

குரல் விஷயம்: எழுத்தைக் குரலாக்கும் கூகுளின் பேச்சு எஞ்சினில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளலாம். மெனுக்கள் ஆங்கிலத்திலும் செய்திகள் தமிழிலும் இருந்தால், டாக்பேக்கின் வாசிப்புக் கட்டுப்பாடுகளில் பேசும் மொழியை அப்போதைக்கு அப்போது மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஈஸ்பீக் என்ற இலவசப் பேச்சு எஞ்சினிலும் தமிழ் உண்டு. தகரத்தைத் தட்டியது போல இருக்கும், ஆனால் வேகமாகப் படிக்கும். எனக்கு அது பழகிவிட்டது. வீட்டில் மற்றவர்களுக்குத்தான் தலைவலி.

படி 2: எல்லாரும் வைத்திருப்பதைச் சோதியுங்கள்

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். "இந்த ஆப் நமக்கு ஒத்து வருமா?" என்று யாரையும் கேட்காதீர்கள். பத்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஒரு பணப் பரிமாற்றச் செயலியை எடுத்துக்கொள்வோம். காதில் இயர்போன் மாட்டுங்கள். செயலியைத் திறந்து, திரையின் மேல் இடது மூலையைத் தொட்டுவிட்டு, வலப்பக்கம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போங்கள். "ஸ்கேன் செய், பட்டன்", "தொடர்புகள், பட்டன்" என்று பெயரோடு சொன்னால் நல்லது. பெயர் எதுவும் சொல்லாமல் வெறும் "பட்டன்... பட்டன்... பட்டன்..." என்று மணி அடித்தால், அதைச் செய்தவர்கள் படத்தை வைத்தார்களே தவிரப் பெயர் வைக்கவில்லை என்று அர்த்தம். எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம். திரை முழுக்க அப்படி என்றால் வேறு செயலி பாருங்கள். யுபிஐ என்பது ஒரே பாதை, வாசல்கள்தான் பல. ஒன்றில் இடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை.

முகப்புப் பக்கம் பேசினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவருக்கு ஒரு ரூபாய் அனுப்புங்கள், கடைசி வரை போங்கள். பின் எண் கேட்கும் பக்கத்தில் எண்பலகை பேசுகிறதா? போன வருடம் ஒரு வங்கிச் செயலியில் எல்லாம் வெண்ணெயாகப் போனது. பின் பக்கம் வந்ததும் எண்பலகை ஒவ்வொரு முறையும் இடம் மாறியது, வாயையும் திறக்கவில்லை. சோறு வரைக்கும் பரிமாறிவிட்டு இலையை இழுத்த கதை. ஒரு ரூபாயோடு தெரிந்துகொண்டது நல்லதாயிற்று.

அடுத்து, வேண்டுமென்றே ஒரு தப்பு செய்யுங்கள். பின்னில் ஓர் எண் மாற்றிப் போடுங்கள் (ஒரு தடவை போதும், அடுத்தடுத்துப் போட்டால் பூட்டிவிடும்). "தவறான பின்" என்பதைக் குரல் சொல்கிறதா, இல்லை சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறதா? பிழையைச் சொல்லாத செயலியில் பணம் போனதா இல்லையா என்று திண்டாடுவோம்.

பஸ்ஸில், கடையில் பின் போடும்போது பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. போட்டுவிட்டால் திரை கறுப்பாகிவிடும், நமக்குக் குரல் மட்டும் வரும். இந்த ஒரு விஷயத்தில் பார்வையுள்ளவர்களைவிட நாம் பாதுகாப்பு.

இந்தச் சோதனையில் வாட்ஸ்அப், யூடியூப், ஜிமெயில், கூகுள் மேப்ஸ் எல்லாம் என் கையில் தேறியவை. "பார்வையற்றோருக்கான கால்குலேட்டர்", "பார்வையற்றோருக்கான கடிகாரம்" என்று ப்ளே ஸ்டோரில் வருவதை நான் தொடுவதில்லை. போனில் இருக்கும் கால்குலேட்டரே பேசும்போது இன்னொன்று எதற்கு?

படி 3: பெயரில்லாத பட்டனுக்கு நீங்களே பெயர் வையுங்கள்

மற்றதெல்லாம் நன்றாக இருந்து, முக்கியமான ஒரு பட்டன் மட்டும் ஊமையாக இருந்தால் செயலியைத் தூக்கி எறிய வேண்டாம். அந்தப் பட்டனில் நின்றபடி டாக்பேக் மெனுவைத் திறங்கள். புதிய போன்களில் மூன்று விரலால் ஒரு தட்டு, பழையவற்றில் ஒரே இழுப்பில் கீழே போய் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பெயர் சேர்க்கும் வசதி அங்கே இருக்கும். "கூடை" என்று எழுதிச் சேமித்தால், அடுத்த முறை "கூடை, பட்டன்" என்று சொல்லும். ஐபோனில் இரண்டு விரலால் இருமுறை தட்டி, இரண்டாம் தட்டில் விரலை எடுக்காமல் பிடித்தால் இதே வேலை நடக்கும்.

எல்லாப் பட்டனும் இதற்கு இணங்காது. செயலியைப் புதுப்பிக்கும்போது நாம் வைத்த பெயர் காணாமலும் போகலாம். ஆனாலும் மளிகைச் செயலி ஒன்றை இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

படி 4: கண் வேண்டிய இடத்துக்கு மட்டும் தனிச் செயலி

திரையில் இருப்பதைத் திரைவாசிப்பான் படித்துவிடும். திரைக்கு வெளியே இருப்பதை? கையில் இருக்கும் நோட்டு, மாத்திரை அட்டை, வாசலில் கிடக்கும் கடிதம், இவற்றுக்குக் கேமரா கண்ணாக வேண்டும். தனிச் செயலிகளுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் வந்த வரிசையில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளம் முறையே 142, 146, 150. அதாவது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பஸ் கண்டக்டர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அதை எங்கே அளப்பது? ஓரத்தில் தடவிப் பார்க்கச் சாய்கோடுகள் உண்டு. 100க்கு 4, 200க்கும் 4 கோடுகளோடு நடுவில் இரண்டு வட்டம், 500க்கு 5. புது நோட்டில் விரலுக்குத் தட்டுப்படும். நாலு கை மாறி, வியர்வையில் நனைந்த நோட்டில் ஒன்றும் தெரியாது.

இதற்கு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று மணி என்ற செயலியை வெளியிட்டது. இலவசம், இணையம் இல்லாமலே வேலை செய்யும், பாதியாக மடித்த நோட்டையும் சொல்லும். நோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போனைப் பிடியுங்கள். ஒட்டி வைத்தால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று மட்டும் அது சொல்லாது. கூகுளின் லுக்அவுட், மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ இரண்டிலும் ரூபாய் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒன்று போதும், மூன்றையும் போட வேண்டாம்.

அச்சடித்த தாளைப் படிக்க, வேடிக்கை பாருங்கள், நான் அதிகம் எடுப்பது கூகுள் லென்ஸ். அது நமக்கென்று செய்தது இல்லை. ஆனால் தமிழ் எழுத்தைப் படிக்கும், எழுத்தை நகலெடுத்தால் டாக்பேக் வாசித்துவிடும். தனிச் செயலி என்பதற்காகவே அது மேலானது என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதை வைத்து லென்ஸையும் தனிச் செயலி ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள், எது பிழையில்லாமல் படிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பீ மை ஐஸ் செயலியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். டென்மார்க்கில் தொடங்கி 2015இல் வெளியானது. நீங்கள் அழைத்தால் எங்கேயோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் உங்கள் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வார். மொழியில் தமிழைச் சேர்த்து வையுங்கள். கேஸ் சிலிண்டரின் மேல்பக்கக் கம்பிப் பட்டையில் பெயின்ட்டில் ஏ, பி, சி, டி என ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். அடுத்த சோதனைக்குக் கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே போகும். சிலிண்டரைச் சுற்றிச் சுற்றி வந்தும் எந்தச் செயலியும் எனக்கு அதைச் சரியாகப் படித்துச் சொன்னதில்லை. தன்னார்வலர் ஒரு பெண் பத்து நொடியில் சொல்லிவிட்டார்: "கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்க... நிறுத்துங்க. பி, இருபத்தேழு."

2023 முதல் அதிலேயே ஏஐ படத்தை விவரிக்கும் வசதியும் வந்திருக்கிறது. அழகாகப் பேசும். தெரியாததையும் அதே அழகோடு பேசும். மாத்திரைக்கும், ரோடு கடப்பதற்கும் அதை நம்பாதீர்கள். ஏடிஎம் அட்டை, ஓடிபி இரண்டையும் மனிதருக்கும் காட்டாதீர்கள், ஏஐக்கும் காட்டாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தனிச் செயலிக்கு ஆயுள் குறைவு. மைக்ரோசாஃப்ட் 2018இல் சவுண்ட்ஸ்கேப் என்று ஒன்று விட்டது. நடக்கும்போது எந்தத் திசையில் என்ன இருக்கிறது என்பதை அந்தத் திசையிலிருந்தே காதில் ஒலிக்கும். 2023இல் அதை நிறுத்திவிட்டார்கள். மூல நிரலைப் பொதுவில் விட்டதால் வேறு சிலர் எடுத்து நடத்துகிறார்கள், அது நம் அதிர்ஷ்டம். கோடிக்கணக்கானோர் வைத்திருக்கும் செயலியை அப்படிச் சத்தமில்லாமல் மூடிவிட முடியாது.

படி 5: தொடுதிரையே ஒத்துவராதவருக்கு

என் பெரியப்பாவுக்கு 67 வயதில் கண் நீர் அழுத்தத்தால் பார்வை போனது. டாக்பேக் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, "ஏம்ப்பா, இது என் விரலைக் கேக்கவே மாட்டேங்குது. எனக்கு அமுக்கினா அமுங்கணும்" என்றார். "சரி பெரியப்பா, விடுங்க" என்று பட்டன் போனுக்கே மாற்றிக் கொடுத்தேன். பணம் அனுப்ப 2022இல் வந்த யுபிஐ 123பே இருக்கிறது. ஓர் எண்ணுக்கு அழைத்து, குரல் கேட்கக் கேட்க எண்களை அமுக்கினால் போதும். அவர் சௌகரியமாக இருக்கிறார்.

இதைச் சொல்லக் காரணம், "எல்லாரும் பயன்படுத்துவதையே பயன்படுத்து" என்பதைப் பிடிவாதமாக்கிவிடக் கூடாது. காதும் கேட்காதவருக்கு டாக்பேக்கின் குரலால் ஒரு பயனும் இல்லை. எழுத்தைப் புள்ளிகளாக்கி விரலால் தடவிப் படிக்க வைக்கும் பிரெயில் திரைக் கருவிதான் வேண்டும். பத்துச் செயலியில் ஒன்றுகூடத் தனிச் செயலி இல்லாமல் சமாளிக்கும் இளைஞரை வைத்து இவர்களை அளக்காதீர்கள்.

படி 6: சரியில்லையென்றால் எழுதுங்கள்

பெயரில்லாத பட்டன் அந்த நிறுவனத்தின் தப்பு, உங்கள் திறமைக் குறைவு இல்லை. வீடியோவில் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பது, செய்யும்போது "கண்ணை இமையுங்கள்" என்று கேட்டு நம்மவர்கள் பலரைத் திருப்பி அனுப்பினார்களே, அந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகுவதும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. இமைப்பதற்கு மாற்று வழி வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

"ஆப் சரியில்லை, ஒரு நட்சத்திரம்" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: "நான் பார்வையற்றவர், டாக்பேக் பயன்படுத்துகிறேன். பொருள் பக்கத்தில் மேல் வலது மூலையில் இருக்கும் கூடைப் பட்டனுக்குப் பெயர் இல்லை. 'பட்டன்' என்று மட்டும் கேட்கிறது. அதற்குப் பெயர் சேர்க்கவும்." போன் மாடல், செயலியின் பதிப்பு எண் இரண்டையும் கீழே போடுங்கள். முடிந்தால் குரல் கேட்கும்படி திரையைப் பதிவு செய்து இணையுங்கள். படிக்கும் புரோகிராமருக்கு அரை மணி நேர வேலை.

அந்த மளிகைச் செயலிக்கு நான் மூன்று தடவை இப்படி எழுதினேன். இரண்டு தடவை "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இயந்திரம் பதில் போட்டது. மூன்றாவதற்குப் பிறகு ஒரு நாள் புதுப்பித்ததும் போய்த் தொட்டுப் பார்த்தேன். "ஐகான் கார்ட் டூ, பட்டன்" என்றது டாக்பேக். நான் வைத்த "கூடை"யைவிட மோசமான பெயர். ஆனாலும் அவர்களே வைத்தது.