பெரிய இணைப்புள்ள மின்னஞ்சலைத் திறந்தால் கணினி ஏன் திணறுகிறது? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

கல்லடியில் மகளுக்காகக் கட்டப்பட்டு வரும் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுவதற்காக, வீட்டுப் படம் கீறுபவர் களுவாஞ்சிகுடியிலுள்ள எனது மாமிக்கு ஒரே மின்னஞ்சலில் ஆறு புகைப்படங்களையும் ஸ்கேன் செய்த வரைபடம் ஒன்றையும் அனுப்பியிருந்தார். பழைய மடிக்கணினியில் மாமி அந்தக் கடிதத்தைச் சொடுக்கியதும் திரை உறைந்து நின்றது, உள்ளே விசிறி இரைந்தது. வரைபடமோ கடைசிவரை தோன்றவேயில்லை. அதன் பெயர் மட்டும் அடியில் கிடந்தது. "இன்டர்நெட் சரியில்லப் போல, மருமகன்" என்றார் மாமி. ஆனால் கடிதம் ஏற்கெனவே முழுமையாக வந்து சேர்ந்திருந்தது. வந்ததைத் திரையில் காட்டுவதில்தான் சிக்கல்.

முதலாவது படி: ஒரே கோப்புக்கு மூன்று எடைகள் இருப்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த ஆறு படங்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.5 மெகாபைட், ஆக மொத்தம் 15 மெகாபைட். இது வட்டில் உள்ள எடை. மின்னஞ்சல் தொடக்கத்தில் எழுத்துகளை மட்டுமே சுமப்பதற்காக உருவானது என்பதால், படமும் ஒலியும் அதன் வழியே செல்ல வேண்டுமானால் முதலில் எழுத்துகளாக மாற்றப்பட வேண்டும். 1992இல் வெளியான மைம் என்னும் நெறிமுறை இதற்கு வகுத்த பேஸ்64 முறையில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாகின்றன. 76 எழுத்துக்கு ஒருமுறை வரி முறிவதையும் சேர்த்தால் எடை சுமார் 37 சதவீதம் கூடுகிறது. எனவே 15 மெகாபைட் பயணத்தின்போது 20.5 மெகாபைட் ஆகிவிடுகிறது. மூன்றாவது எடையைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட ஒரு படம் முழு அளவில் விரிக்கப்படும்போது, புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் நினைவகத்தைக் கேட்கிறது. ஆறு படங்களுக்கு 288 மெகாபைட். மாமியின் மடிக்கணினி மூச்சு வாங்கியது இங்கேதான்.

இரண்டாவது படி: நிரல் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைக் கடிதத்தின் மூலவடிவில் பாருங்கள். தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் நிரலில் கண்ட்ரோல் விசையுடன் யூ விசையை அழுத்தினால் மூலவடிவம் திறக்கும். ஒவ்வொரு இணைப்பின் தலைப்பிலும் கன்டென்ட்-டைப் என்ற வரி அது எவ்வகைக் கோப்பு என்பதைச் சொல்கிறது. கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்ற வரி அதைக் கடிதத்துக்குள்ளேயே விரித்துக் காட்ட வேண்டுமா (இன்லைன்), தனியே வைக்க வேண்டுமா (அட்டாச்மென்ட்) என்பதைச் சொல்கிறது. இது அனுப்புநரின் விருப்பம் மட்டுமே. இறுதி முடிவு பெறுநரின் நிரலுடையது. நிரலுக்குத் தெரியாத வகையென்றால், அனுப்புநர் என்ன கேட்டிருந்தாலும் பெயர்தான் மிஞ்சும். மாமிக்கு வந்த வரைபடம் டிஃப் என்னும் படக்கோப்பு வகையில் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. தண்டர்பேர்ட் ஜேபெக், பிஎன்ஜி படங்களைக் கடிதத்தின் அடியில் விரித்துக் காட்டும், டிஃப் படத்தைக் காட்டாது. கோப்பு பழுதானது என்று எண்ணி அதை அழித்துவிடாதீர்கள், சேமித்துக்கொண்டு வேறு நிரலில் திறவுங்கள்.

மூன்றாவது படி, மிகச் சிறியது: ஆல்ட் விசையை அழுத்தினால் மேலே தோன்றும் பட்டியலில் வியூ என்பதைத் திறந்து, டிஸ்ப்ளே அட்டாச்மென்ட்ஸ் இன்லைன் என்பதற்கு எதிரேயுள்ள சரி அடையாளத்தை நீக்குங்கள். இனிமேல் இணைப்புகளின் பெயரும் அளவும் மட்டுமே தெரியும். வேண்டியதை மட்டும் திறக்கலாம். மாமியின் கணினியில் இதைச் செய்ததும் அதே கடிதம் உடனே திறந்தது.

நான்காவது படி, டேட்டாவை மிச்சப்படுத்த விரும்புவோருக்கானது. கடிதங்களைச் சேவையகத்திலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் மின்னஞ்சல் கணக்கை அமைத்தால், கடிதம் இணைப்புகளோடு முழுமையாக இறங்குவதே வழக்கம். கடிதங்களைச் சேவையகத்திலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறையிலோ, கடிதத்தில் எத்தனை பகுதிகள், ஒவ்வொன்றும் எவ்வகை, எவ்வளவு பெரியது என்ற விவரத்தை மட்டும் முதலில் கேட்டு வாங்கி, வேண்டிய பகுதியைப் பின்னர் எடுத்துக்கொள்ள முடியும். இவ்வளவு நல்ல வசதி இருந்தும், தண்டர்பேர்ட் தானாகவே எல்லாக் கடிதங்களின் பிரதியையும் கணினியில் இறக்கி வைக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது எனக்கு உவப்பானதல்ல. கணக்கு அமைப்புகளில் சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் என்ற பக்கத்துக்குச் சென்று, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கடிதங்களை இறக்க வேண்டாம் என்ற பெட்டியைத் தெரிவு செய்து, அளவைக் கிலோபைட்டில் கொடுங்கள். 500 கொடுத்தால் சாதாரணக் கடிதங்கள் தடையின்றி வரும்.

இணைய உலாவியில் ஜிமெயிலைத் திறப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் அங்கே சேவையகமே படத்தின் சிறு உருவைத் தயாரித்து அனுப்புகிறது. பதிவிறக்கும் குறியைத் தொடும் வரை மூலக்கோப்பு அங்கேயே இருக்கும். ஜிமெயிலில் வெளிப்படங்களைக் காட்டுமுன் கேள் என்று ஒரு தெரிவு உண்டு. அது விளம்பரக் கடிதங்களில் தொலைவிலிருந்து வரும் படங்களுக்கானது, இணைப்புகளை அது கட்டுப்படுத்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

ஐந்தாவது படி அனுப்புபவருக்கு உரியது. ஜிமெயிலின் எல்லை 25 மெகாபைட். அதைத் தாண்டினால் கோப்பு கூகிள் டிரைவில் ஏற்றப்பட்டு இணைப்புச்சுட்டி மட்டும் செல்லும். ஆனால் பெறுநரின் சேவையகம் அவ்வளவு தாராளமாக இருக்க வேண்டியதில்லை. பரவலாகப் பயன்படும் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் சேவையக நிரலின் இயல்பு எல்லை 10,240,000 பைட். ஓர் அலுவலகத்துக்கு நான் அனுப்பிய 8 மெகாபைட் கோப்பு திரும்பி வந்தபோது, 10 மெகாபைட் வரை அனுப்பலாம் என்றுதானே சொன்னார்கள் என்று கோபப்பட்டேன். பேஸ்64 ஆன பின் அது ஏறத்தாழ 11 மெகாபைட் என்பது பின்னர்தான் உறைத்தது. ஆகவே எல்லை 10 என்றால் 7க்குள் அடக்குங்கள். காணி உறுதி போன்றவற்றை ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஓர் ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளிகள் ஆகிறது. அதையே 150 டிபிஐ ஆக்கினால் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகக் குறையும், எழுத்துகளும் பொதுவாக வாசிக்கக்கூடியதாகவே இருக்கும். முத்திரையும் கையொப்பமும் உள்ள பக்கத்தை மட்டும் 300இலேயே விட்டுவிடுங்கள்.