இ.எஸ்.ஐ. மருந்தகம்: புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆட்கள் மாறுவார்கள். டைம் ஆபீஸில் உட்கார்ந்து அவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு போட்டுத் தருவது என் வேலை. ஆதார் நம்பரைத் தப்பாகச் சொல்வது, போட்டோ கொண்டுவர மறப்பது எல்லாம் மறுநாளே சரியாகிவிடும். மாதக்கணக்கில் இழுத்தடிக்கிற தவறுகள் வேறு.

மருந்தகத்தைக் கம்பெனி இஷ்டத்துக்கு விடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. பதிவின்போது எந்த மருந்தகம் (டாக்டர் பார்த்து மருந்து தருகிற இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி) வேண்டும் என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. தொழிலாளிக்குத் தனியாக, குடும்பத்துக்குத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பதிவு போடுகிற பலர் வாயைத் திறந்து கேட்பதே இல்லை. கம்பெனிக்குப் பக்கத்தில் இருப்பதையே எல்லாருக்கும் போட்டுவிடுகிறார்கள். சேர்கிறவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினுக்குப் போய்விடுகிறார்.

கட்டிங் பிரிவில் ஒரு தம்பி. இங்கே ரூமில் தங்கியிருக்கிறார்; மனைவியும் அம்மாவும் திண்டுக்கல் பக்கம் ஊரில். அம்மாவுக்குச் சர்க்கரை. ஊருக்குப் பக்கத்து மருந்தகத்துக்குப் போனால், "உங்க பேரு திருப்பூர்ல இருக்குதும்மா, அங்க போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மாதாமாதம் மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து மாத்திரை வாங்கியிருக்கிறார் அந்த அம்மா. "அண்ணே, சம்பளத்துல பிடிக்கிறாங்க, ஆனா அம்மாவுக்கு மாத்திரை இல்லைங்கிறாங்களே" என்று தம்பி வந்து நின்றார்.

பதிவைத் திறந்து பார்த்தேன். முந்தைய கம்பெனியில் போட்டது. அம்மா, மனைவி இருவர் பெயருக்கு எதிரிலும் 'உடன் வசிக்கிறார்: ஆம்'. அந்த ஒரு 'ஆம்' போதும், குடும்பமே திருப்பூரில் இருப்பதாக ஆகிவிடும். 16,000 ரூபாய் சம்பளத்தில் இவருக்கு 0.75 சதவீதம், அதாவது 120 ரூபாய் பிடித்தம். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 520 ரூபாய். இவ்வளவும் மாதம் தவறாமல் கட்டிய பணம். கேட்காமல் தட்டிய ஒரு பதிலால் அது அம்மாவுக்கு உதவாமல் கிடந்தது.

அதனால் பதிவு போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நீங்கள் எங்கே தங்குகிறீர்கள், குடும்பம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று நீங்களாகவே சொல்லுங்கள். உங்களுக்கான மருந்தகம் கம்பெனிக்குப் பக்கத்தில் இருப்பதைவிட ரூமுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. காய்ச்சல் வந்தால் வீட்டிலிருந்துதானே கிளம்பப்போகிறோம்! அட்டையை அச்செடுத்ததும் மருந்தகத்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் மாற்ற முடியும். நோய் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

கம்பெனி மாறும்போது புது இ.எஸ்.ஐ. நம்பர் வாங்குவது

கூடவே கூடாது. ஓர் ஆளுக்கு ஆயுசுக்கும் ஒரே நம்பர்தான். உடம்பு சரியில்லாத நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஆறு மாதச் சந்தா காலத்தில், அதாவது பிடித்தத்தைக் கணக்கிடுகிற ஆறு மாதத்தில், 78 நாள் சந்தா இருக்க வேண்டும். பாதி பழைய நம்பரிலும் பாதி புதிதிலும் கிடந்தால் கணக்கு எப்படிச் சேரும்?

போர்டைப் பார்த்துத் தனியார் மருத்துவமனைக்குள் நுழைவது

'இ.எஸ்.ஐ. வசதி உண்டு' என்ற போர்டு, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டு வருகிறவர்களுக்கானது. முதலில் மருந்தகம், அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை, பிறகுதான் இது. பரிந்துரைக் கடிதம் இல்லாமல் சாதாரண வயிற்றுவலிக்குப் போய்ப் படுத்துவிட்டு, பில்லைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். உயிர் போகிற அவசரம் என்றால் பேச்சே வேறு. முதலில் ஆளைச் சேருங்கள், கையோடு தகவல் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் பெயரை விட்டுவிடுவது

சேர்த்துவிடுங்கள். அவர்கள் வருமானம் மாதம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

சம்பளம் 21,000 தாண்டியதும் அட்டையைத் தூக்கிப் போடுவது

இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். நடுவில் தாண்டினால், அந்தச் சந்தா காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அதுவரை மருந்தகத்துக்குத் தாராளமாகப் போகலாம்.