வீட்டுப் பூனைக்குட்டியை வாசலுக்குப் பழக்க

தடுப்பூசிகள், வெறிநோய் ஊசி உட்பட, எல்லாம் முடிந்து ஒரு வாரமாவது போகட்டும். ஐந்தாறு மாதத்தில் கருத்தடையும் செய்துவிட்டால் ஊர் சுற்றுவது குறையும்.

ஹார்னஸை (நெஞ்சையும் தோளையும் சுற்றி மாட்டும் பட்டை) முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே மாட்டிப் பழக்குங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால், நாய் குரைத்த மாத்திரத்தில் குட்டி பின்பக்கமாக நெளிந்து உருவிக்கொண்டு ஓடிவிடும். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டவே கூடாது.

சாப்பாட்டுக்குச் சற்று முன், பசியோடு இருக்கும்போது கூட்டிப் போங்கள், கூப்பிட்டால் வரும். முதலில் 10 நிமிடம் போதும். தூக்கிக்கொண்டு போக வேண்டாம். கதவைத் திறந்து வையுங்கள், தானாக வாசற்படி தாண்டட்டும், அப்போதுதான் திரும்பும் வழி அதற்குத் தெரியும். காதை மடக்கி, வயிறு தரையில் உரசப் பதுங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். உள்ளே வந்ததும் முள் எடுத்த வேகவைத்த மீன் கொஞ்சம் கொடுங்கள்.

தர்மபுரி சித்திரை வெயிலில் சிமெண்ட் தரை பாதத்தைச் சுட்டுவிடும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பை ஒட்டிய வீடா? மருந்தடிக்கும் நாட்களில் வெளியே விடவே வேண்டாம். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கிவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் இதற்குப் போடாதீர்கள்: பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்ததாக இருந்தால் உயிரே போய்விடும்.