ஓர் இஞ்ச் டேப், ஒரு தாள், ஓர் எக்கோ

பையனைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி உயரத்தை அளங்கள். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் நன்றாக விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். 170 செ.மீ. உயரப் பையனுக்குக் கைவிரிவு 178.5-ஐத் தாண்டினால், அதாவது 1.05 மடங்குக்கு மேல் போனால், ஒரு தாளில் குறித்து வையுங்கள். மார்ஃபான் என்ற பிறவி நோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

நான் ஃபிசியோதெரபிஸ்ட். எங்கள் ஊரில் சாயங்காலமானால் வாலிபால் கோர்ட் நிரம்பிவிடும். கணுக்கால் பிசகியது, தோள் நழுவியது என்று நெட்டைப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் வெறும் சுளுக்குதான். ஆனால் சிலரிடம் தளர்ந்த மூட்டு, தடித்த கண்ணாடி, கோணிய முதுகு எல்லாம் சேர்ந்தே இருக்கும். கண்ணுக்கு ஒரு டாக்டர், முதுகுக்கு இன்னொருவர், தோளுக்கு நான். அவரவர் பாகத்தை அவரவர் பார்த்து அனுப்பிவிடுவோம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டியவர்கள் வீட்டார்தான்.

மூட்டைக் கட்டும் நார், கண்ணுக்குள் லென்ஸைப் பிடித்திருக்கும் மெல்லிய இழை, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் சுவர் மூன்றுமே இணைப்புத் திசு. அதன் புரதம் ஒன்று பிறவியிலேயே பழுதானால் மூன்று இடத்திலும் தெரியும். மார்ஃபான் நோயில் பழுதாவது ஃபைப்ரில்லின்-1. அதற்கான மரபணுவை 1991-ல் கண்டுபிடித்தார்கள். சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது.

இன்னும் இரண்டு சோதனை. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடச் சொல்லுங்கள்: சுண்டுவிரல் பக்கம் நகம் முழுக்க வெளியே நீட்டுகிறதா? ஒரு கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மறு மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள்: சுண்டுவிரல் நகத்தைக் கட்டைவிரல் முழுக்க மூடுகிறதா? நெஞ்செலும்பு துருத்தியோ குழிந்தோ இருந்தால் அதையும் எழுதுங்கள். இவை இருப்பதாலேயே நோய் என்று பயந்துவிடாதீர்கள். நோயை உறுதி செய்ய 2010-ல் திருத்திய விதிமுறைகளில் மகாதமனி வீக்கத்துக்கும் லென்ஸ் இடம் பெயர்வதற்கும்தான் அதிக மதிப்பு.

தாளின் மறுபக்கம் குடும்பத்துக்கு. சித்தப்பாவோ அத்தையோ இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், 'ஹார்ட் அட்டாக்' என்ற ஒரு வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். ஆள் நெட்டையா, கண் கோளாறு இருந்ததா என்று பெரியவர்களிடம் துருவுங்கள். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் அணியின் நட்சத்திரம் ஃப்ளோ ஹைமன், 1986-ல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். வயது 31. மகாதமனி கிழிந்திருந்தது. மார்ஃபான் என்பதே பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. பிறகு அவருடைய சகோதரரைச் சோதித்தார்கள். அவருக்கும் இருந்தது, அறுவை சிகிச்சை செய்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான்கில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரும்.

சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பம் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஹோமோசிஸ்டினூரியா என்று ஒன்று இருக்கிறது. பார்வைக்கு அப்படியே மார்ஃபான்தான். ஆனால் அது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வர வேண்டிய நோய், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவு பார்த்தால் தெரிந்துவிடும். சிலருக்கு வைட்டமின் பி6 மாத்திரையே கேட்கும் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது.

உயரமே இல்லாமல் மூட்டு மட்டும் கண்டபடி வளைந்தால் ஏலர்ஸ்-டான்லோஸ் என்ற இன்னொரு இணைப்புத் திசு நோயின் பக்கம் யோசிக்க வேண்டும். 2017 வகைப்பாட்டில் அதில் 13 வகை. அதிகம் காணப்படும் வகைக்கு இன்னும் மரபணுச் சோதனை கிடையாது, டாக்டர் தொட்டு வளைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ரத்தக்குழாயைப் பாதிக்கும் வகைக்குச் சோதனை உண்டு; ஆபத்தானதும் அதுதான்.

தாளோடு இதய டாக்டரிடம் போய் எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுங்கள். 'நார்மல்' என்ற சொல் போதாது. மகாதமனி வேர், அதாவது இதயத்தை ஒட்டிய அதன் தொடக்கப் பகுதி, எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாக வாங்கி வையுங்கள். அடுத்த வருட எண்ணோடு ஒப்பிடத்தான் அது. மார்ஃபான் உள்ள பெரியவர்களுக்குப் பொதுவாக இந்த அளவு 50 மில்லிமீட்டரை எட்டும்போது அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். அதுவரை பீட்டா பிளாக்கர் அல்லது லோசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை. கர்ப்பமாகும் முன் பெண்கள் கட்டாயம் எக்கோ எடுக்க வேண்டும். ஜிம்மில் மூச்சைப் பிடித்து எடை தூக்குவது வேண்டாம், நடக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் இவர்களுக்கு ஆகாது. 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது.

கடைசியாக, நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் திடீரென வலி வந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று ஓமத் தண்ணீர் கொடுத்து உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். இசிஜி சரியாக வந்தாலும் திரும்பிவிடாமல், 'மார்ஃபான் இருக்கு, மகாதமனிக்கு சிடி எடுங்க' என்று டியூட்டி டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.