ஆய்வு முடிவையும் சொந்த அனுபவத்தையும் ஆதரவுக் குழுவில் பகிர்வது எப்படி?

புற்றுநோய் ஆதரவுக் குழுவில் நாம் சொல்லும் ஒரு வரியை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்தவோ, கடன்பட்டுப் புதிய மருந்தை வாங்கவோ கூடும். ஆகவே ஆய்வு முடிவொன்றைப் பகிருமுன் செய்ய வேண்டியவற்றை, மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்பட்ட பெவாசிசுமாப் மருந்தை வைத்துப் பார்ப்போம்.

படி 1: செய்தித் துணுக்கை விட்டு மூலக் கட்டுரைக்குச் செல்லுங்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளத்தில் மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால், பெரும்பாலான கட்டுரைகளின் சுருக்கம் கட்டணமின்றிக் கிடைக்கும்.

படி 2: யாரிடம் சோதித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 2007இல் வெளியான பெவாசிசுமாப் ஆய்வில் சேர்க்கப்பட்ட 722 பேரும் நோய் பரவிய நிலையில் இருந்தவர்கள். தொடக்க நிலையில் இருப்பவர் அம்முடிவைத் தமக்கென எடுத்துக்கொள்ள முடியாது.

படி 3: எதை அளந்தார்கள் என்று பாருங்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான். பக்ளிடாக்சல் என்னும் கீமோ மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் வளராதிருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 5.9 மாதம், பெவாசிசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 11.8 மாதம். இதை மட்டும் படிப்பவருக்கு வாழ்நாளே இரட்டிப்பானதாகத் தோன்றும். ஆனால் உயிர்வாழ்ந்த காலம் முறையே 25.2, 26.7 மாதங்கள், தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அது பெரிய வேறுபாடு அன்று. இவ்விரு அளவுகளையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்வது, நம்பிக்கையோடு கேட்பவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

படி 4: பின்னர் என்ன நடந்தது என்று தேடுங்கள். 2008இல் இப்பயன்பாட்டுக்கு ஒப்புதல் தந்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், அடுத்து வந்த ஆய்வுகளில் பயன் குறைவாகவே தெரிந்ததாலும், கடும் இரத்த அழுத்தம், இரத்தக்கசிவு போன்ற தீங்குகளாலும் 2011இல் அதைத் திரும்பப் பெற்றது.

படி 5: அனுபவத்தைத் தனியாக எழுதுங்கள். நோயின் வகை, நிலை, உடன் பெற்ற மருந்துகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "எனக்கு இப்படி இருந்தது" என்று சொல்லுங்கள். பக்ளிடாக்சல் ஏற்றிய பின் விரல் மரத்துச் சட்டைப் பொத்தானைப் போட முடியாமற்போவதை, அதை அனுபவித்தவரைப்போல் எந்தக் கட்டுரையும் விளக்காது. ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினால் பெயரையும் மருத்துவமனை எண்ணையும் மறைத்துவிடுங்கள். பிறர் கதையை அவர் இசைவின்றிச் சொல்லாதீர்கள்.

கீமோ பெறும் ஒருவர் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதாகக் குழுவில் எழுதினால், அனுபவம் எதையும் பகிராமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லும்படி மட்டும் சொல்லுங்கள்.